நீட்டல்

28 கிலோமீட்டர் ஓடுவதென்று முதல் நாள் இரவு தீர்மானித்துக்கொண்டு படுத்தவன், மறுநாள் 32 ஓடிவிட்டுத் திரும்பினால் அது ஒழுக்கமா, ஒழுக்கக் குறைவா? சில்லறைக் கேள்வி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொலை, துரோகம் போன்ற பெரிய விஷயங்களில் நம் எல்லோரிடமும் அபிப்பிராயம் தயாராக இருக்கிறது. அங்கே யோசிக்க அதிகம் மிச்சமில்லை.

24 மட்டும் ஓடிவிட்டு வந்திருந்தால் பிரச்னையே இல்லை. சோம்பல், மன உறுதி போதாது என்று அவனே சொல்லிக்கொள்வான். நல்லது எதுவென்று தெரிந்தும் அதைச் செய்யாமல் நழுவுகிற இந்த ஸ்திதியைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஏழாம் புத்தகத்தில் விரிவாகவே பேசியிருக்கிறார். ஆனால் அவருடைய ஆசாமி பெரும்பாலும் இன்பத்தின் பக்கம் சறுக்குகிறவன். கஷ்டத்தின் பக்கம் சறுக்குகிறவன் ஒருவன் இருக்கக்கூடும் என்பது நம் காலத்தில்தான் உறைக்கிறது. உறைக்கிறது என்று சொல்வதும் மிகை. நம் காலம் அவனை மாலை போட்டு வரவேற்கிறது. எல்லையை உடை, தடைகளைத் தாண்டு என்றெல்லாம் பனியன்களில் அச்சடித்து விற்கிறார்கள். திட்டமிட்டதற்கு மேல் ஓடியவன் தான் ஏதோ ஒன்றுக்கு இணங்கிப் போய்விட்டதாக ஒருபோதும் நினைப்பதில்லை. எதையோ வென்றுவிட்டதாகவே நினைக்கிறான்.

நான் ராயபுரத்துக்காரன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. வயது 46. வருகிற ஜனவரியில் சென்னை மராத்தானில் முழுத் தூரமும் ஓடுவதற்காகச் சில மாதங்களாகப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். வார நாட்களில் சிறிய ஓட்டங்கள். ஞாயிறன்று நீண்ட ஓட்டம். அதிகாலை மூன்றரைக்குக் கல்மண்டபத்தில் கிளம்புவேன். காசிமேட்டைக் கடக்கும்போது ஏலம் உச்சத்தில் இருக்கும். சாலையெல்லாம் ஐஸ் தண்ணீர். பிறகு எண்ணூர் விரைவுச் சாலை. வலது பக்கம் கடல், அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்; இடது பக்கம் துறைமுகத்துக்குள் போக முறை வராமல் நிற்கும் கண்டெய்னர் லாரிகள், அவற்றின் அடியில் துண்டை விரித்துத் தூங்கும் டிரைவர்கள். திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம். எண்ணூர்ப் பக்கம் 14ஆவது கிலோமீட்டரில் திரும்பினால் 28.

போய்த் திரும்பும் பாதையில் ஒரு விசேஷம் இருக்கிறது. நீட்டுவதா வேண்டாமா என்பதை ஓட்டத்தின் முடிவில் தீர்மானிக்க முடியாது. நட்டநடுவில், உடம்பு இன்னும் முழு உற்சாகத்தில் இருக்கும்போது, திரும்பும் இடத்தில் தீர்மானித்தாக வேண்டும். அங்கே வைக்கும் ஓர் அடி இரண்டு அடி. இரண்டு கிலோமீட்டர் அதிகம் போகலாம் என்கிற மனசு, நான்கு கிலோமீட்டருக்குக் கையெழுத்துப் போடுகிறது. கடன் வாங்குகிறவன் வாங்கும் தொகையைப் பார்க்கிற மாதிரிதான்.

அந்த இடத்தில் காலை ஐந்து மணிக்கு நிற்கும்போது என்ன தெரியும்? மூச்சு சீராக இருப்பது தெரியும். கால் கனக்கவில்லை என்பது தெரியும். இந்தத் தகவல் பொய்யல்ல, ஆனால் ஒருதலைப்பட்சமானது. பயிற்சியில் இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடுகின்றன. தசை கொஞ்சம் பின்னால் வருகிறது. தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே நான்கு மாதம் ஓடிய ஒருவனிடம், ஓடத் தயாரான நுரையீரலும் இன்னும் தயாராகாத கணுக்காலும் ஒரே சமயத்தில் இருக்கின்றன. பேசத் தெரிந்தது நுரையீரல் மட்டும். கணுக்கால் சபையில் வாய் திறக்காத ஆள். அதன் அபிப்பிராயம் இரண்டு நாள் கழித்து வலியாகவோ, சில வாரம் கழித்து எலும்பில் மயிரிழை விரிசலாகவோ வரும். அதற்குள் தீர்மானம் நிறைவேறி, பாராட்டும் வாங்கியாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 2000 கலோரிக்குத்தான் காணும். பலருக்கு முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி அது வற்றத் தொடங்குகிறது. மூளையும் அதே சர்க்கரையில்தான் ஓடுகிறது. கால் தளர்வதோடு, தளர்ந்துவிட்டோமா என்று எடைபோடும் புத்தியும் சேர்ந்து மங்குகிறது. நிறுத்த வேண்டியவனும் நிறுத்தப்பட வேண்டியவனும் ஒருவனே என்பது பாதிப் பிரச்னை. நிறுத்த வேண்டிய நேரம் நெருங்க நெருங்க நிறுத்துகிறவனின் யோக்கியதை குறைந்துகொண்டே போவது மற்ற பாதி.

திருவொற்றியூர் என் பாதையில் இருப்பதால், இதை யோசிக்கும்போது சுந்தரர் கதை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சேக்கிழார் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்க, இந்த ஊரைவிட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சபதம் செய்ய வேண்டியிருக்கிறது. சந்நிதியில் நான் சபதம் செய்யும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் போய், மகிழடியிலேயே சபதம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். சபதம் செல்லுபடியாகிறது. பிறகு வசந்தம் வருகிறது, திருவாரூர் நினைவு வருகிறது. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. ஒற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இப்போதும் நடக்கிறது.

பக்தர்கள் இதற்குத் தரும் வியாக்கியானங்களில் எனக்கு அக்கறை இல்லை. என்னை இழுப்பது வேறு ஒன்று. வாக்கை மீறியது கால். போனது கண். கால் முடங்கியிருந்தால் கணக்குச் சரியாக இருந்திருக்கும், கதை செத்துப் போயிருக்கும். எல்லை தாண்டுகிறவனுக்கு நடக்க முடிகிறது. நன்றாகவே நடக்க முடிகிறது. எங்கே நடக்கிறோம் என்பதுதான் தெரியாமல் போகிறது. சேக்கிழார் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி யோசித்திருக்க நியாயமில்லை. ஆனாலும் 28ஆவது கிலோமீட்டரில், இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்று ஒரு மிதப்பு வருமே, அதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னோர் இடம் எனக்குத் தெரியாது. கதையில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. சபதம் செய்தவர் அதைச் செய்யும்போதே அதில் ஓர் ஓட்டை வைக்கப் பார்த்தவர். முதல் நாள் இரவு '28, உடம்பு கேட்டால் 32' என்று குறித்துக்கொள்கிறவனும் சாமியை மகிழடிக்கு அனுப்பிவிட்டுத்தான் சபதம் செய்கிறான்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. இரவில் எண்ணை எழுதியவனுக்கு மட்டும் என்ன தெரியும்? மறுநாள் கடற்காற்று எப்படி வீசும் என்பது அவனுக்குத் தெரியாது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு பட்டியலிலிருந்து எண்ணைப் பெயர்த்தவன் அவன். சாலையில் இருப்பவனாவது உடம்போடு இருக்கிறான். அந்தப் பட்டியலின் எண்களுக்குத்தான் அப்படி என்ன புனிதம்? மராத்தானின் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 1896இல் ஏதென்ஸில் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர். 1908இல் லண்டனில் விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி விளையாட்டு அரங்கில் அரச குடும்பத்தின் மாடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்பதற்காகத் தூரம் 42.195 ஆயிற்று. 1921இல் அதுவே விதியாயிற்று. ஆக உலகம் முழுதும் மனிதர்கள் கடைசி இரண்டு கிலோமீட்டரில் வாந்தி எடுப்பது, ஓர் அரசகுடும்பம் சௌகரியமாக உட்கார்ந்து பார்ப்பதற்காகச் செய்த ஒரு நீட்டலின் விளைவு. அந்த 1908 ஓட்டத்திலேயே டொராண்டோ பியட்ரி என்ற இத்தாலியர் அரங்குக்குள் முதலாவதாக நுழைந்து, திசை தெரியாமல் தப்புப் பக்கம் திரும்பி, பலமுறை விழுந்து, அதிகாரிகள் தூக்கி நிறுத்த எல்லைக் கோட்டைக் கடந்தார். உதவி பெற்றதால் வெற்றி பறிக்கப்பட்டது. இங்கேயும் கண்தான் முதலில் போயிருக்கிறது.

எண் தன்னிச்சையானது என்பது வாஸ்தவம். ஆனால் அது எண்ணுக்கு எதிரான வாதம் ஆகாது. வெண்பாவின் கடைசி அடி மூன்று சீரோடு நிற்க வேண்டும் என்பதற்கும் பிரபஞ்ச நியாயம் எதுவும் இல்லை. நாலாவது சீருக்குக் காது தயாராக இருக்கும்போது நாள், மலர், காசு, பிறப்பு என்று ஏதோ ஒன்றில் முறித்து நிறுத்துகிறார்கள். நிற்க வேண்டிய இடம் வெளியிலிருந்து வந்ததால்தான் உள்ளே இருப்பவன் தன் மிதப்பை நம்பாமல் நிற்க முடிந்தது. யாப்பைத் தூக்கிப்போட்ட நாம் இதை இழந்தோம். அதற்காக வருத்தப்படவில்லை, ஆனால் இன்று வருகிற கவிதைகளில் பாதிக்குமேல் நாலு வரி முன்பே முடிந்துவிட்டவை என்பதை இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வரி ஒன்று விழுந்த குஷியில் இன்னும் இரண்டு எழுதுகிறோம். அந்தக் குஷியும் திரும்பும் இடத்தில் வரும் குஷியும் ஒரே ஜாதி.

இலக்கணக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். நன்னூல் செய்யுள் விகாரங்கள் ஆறில் ஒன்றாக நீட்டலைச் சொல்கிறது. விகாரம் என்ற சொல்லையே யோசிக்கலாம். குறில் நெடிலாவது குற்றம் அல்ல, ஆனால் இயல்பும் அல்ல. செய்யுள் கேட்பதால் பொறுத்துக்கொள்ளும் ஒரு திரிபு. அளபெடையில் இன்னும் நுட்பமான பாகுபாடு இருக்கிறது. ஓசை குறைகிற இடத்தில் அதை நிரப்ப நீள்வது ஒன்று. ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காக நீள்வது மற்றொன்று. பின்னதற்கு இன்னிசை அளபெடை என்றே பெயர் வைத்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நீட்டல் அனைத்தையும் நான் கண்டிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புதன்கிழமை எட்டு கிலோமீட்டர் ஓட்டத்தில், மழை விட்ட சாலையில், சும்மா சந்தோஷமாக இருக்கிறது என்பதற்காகவே இன்னும் ஒன்று ஓடினால் எதுவும் கெட்டுவிடாது. இன்னிசைக்கு இடம் அங்கே இருக்கிறது. ஏற்கனவே உச்சத்தில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அது இல்லை.

ஆர்தர் லிடியார்டைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தார் ஒரு நண்பர். நியூஸிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு தேறும், எவ்வளவில் உடையும் என்பதைப் பல வருடங்கள் தம் உடம்பின்மீதே சோதித்துப் பார்த்து, வாரத்துக்கு 100 மைல் என்ற அளவுக்கு வந்து சேர்ந்தவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓடுகிறவர். அவரையும் ஞாயிறுதோறும் மலைச் சாலையில் 22 மைல் ஓட வைத்தார். 1960இல் ரோமில் ஸ்னெல் தங்கம் வாங்கினார். லிடியார்ட் எல்லையை மீறியதால்தானே எல்லை தெரிந்தது என்பது நண்பரின் கேள்வி. சரியான கேள்விதான். ஆனால் லிடியார்ட் செய்தது சோதனை. அதிகமாக ஓடிப் பார்த்தார், குறைவாகவும் ஓடிப் பார்த்தார், இரண்டையும் கணக்கில் வைத்தார், திரும்பி வந்தார். 100 என்பது அவர் திரும்பி வந்து நின்ற இடம். திரும்பும் இடத்தில் திடீரென்று தோன்றும் ஆசைக்குச் சோதனை என்று பெயர் சூட்ட முடியாது. எந்தச் சோதனையிலும் ஒரே ஒரு விடை மட்டும் சந்தோஷம் தருவதாக இருக்கக் கூடாது.

இருந்தாலும் இதுவரை சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. இரவில் எழுதியவன், சாலையில் ஓடுகிறவன், இருவரில் யாருக்கு அதிகம் தெரியும் என்ற அளவிலேயே பேசிக்கொண்டிருந்தேன். அறிவு சம்பந்தப்பட்ட வழக்காக அதை நடத்தினால் தீர்ப்பே வராது. இருவருமே பாதி குருடர்கள். என் யோசனை திசை மாறியது எங்கள் தெருப் பெரியவர் ஒருவரால். துறைமுகத்தில் விஞ்சு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலுக்கு வந்தபோது என் கடிகாரம் 27.6 காட்டியது. மீதி 400 மீட்டருக்காகத் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். (இது ஓசை குறைந்த இடத்து நீட்டல்; அனுமதிக்கப்பட்டது.) திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"இன்னா தம்பி, ஓட்டியா?"

ஓடுகிறேனா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையாட்டினேன். ஓவர்டைமைச் சொல்லியிருக்கிறார்.

"எங்களுக்காச்சும் டபுள் துட்டு குடுத்தாங்கோ. உனுக்கு யாரு தராங்கோ?"

மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார். "ஓட்டி பாக்க சொல்ல ஒண்ணியும் தெரியாது தம்பி. ஜோராத்தான் இருக்கும். மறுநாளு ஷிப்டுல கை நிக்காது. விஞ்சு ஒரு சாண் ஆடிச்சின்னா மேல இருக்கற எனக்கா அடி? ஹேச்சுல கீழ நிக்கறான் பாரு, அவன் தலைல எறங்கும்."

நீட்டியவன் ஒருவன், விலை கொடுப்பவன் வேறொருவன். இதுதான் நான் விட்டிருந்த இடம். யாருக்குத் தெரியும் என்பதைவிட யார் கொடுக்கிறார் என்பது முந்திய கேள்வி. என் ஓட்டத்தில் விலை கொடுப்பவன் செவ்வாய்க்கிழமை காலையில் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கப் போகிறவன். அவனுக்கும் என் பெயர்தான், ஆனால் ஞாயிறன்று எண்ணூர்ச் சாலையில் எடுத்த தீர்மானத்தில் அவனுக்கு ஓட்டு இல்லை. அவனோடு முடிவதும் இல்லை. ஞாயிறு ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். குடங்களை இரண்டாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். 28 ஓடினால் ஏழுக்குள் வந்துவிடுவேன். 32 என்றால் ஏழேகால் ஆகும். என் மனைவி பாதிக் குடங்களை ஏற்றி முடித்திருப்பாள். ஆக, என் 28 என்ற எண்ணை எழுதியது பயிற்சிப் பட்டியல் மட்டுமல்ல, அந்த லாரியும் சேர்ந்துதான். உடல்நூல்காரர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வடசென்னையில் இந்தக் கேள்வி பழையது. என் பாதையில் இல்லாவிட்டாலும் பெரம்பூர் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. அங்கே பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய ஆரம்ப முறையீடுகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி போதாது என்பது. இன்று படிக்கும்போது மிகச் சின்னக் கோரிக்கையாகத் தெரிகிறது. ஆனால் 1911 சட்டப்படி மில்லில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம். 1922இல் அது 11, 1934இல் 10, 1948இல் 9 என்று குறைந்தது, வாரத்துக்கு 48. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருக்கின்றன. பயிற்சிப் பட்டியலில் வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றிக்கொண்டு போகிற எனக்கு, எதிர்த் திசையில் போகும் இந்தப் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. வேலை நேரத்தை நாளுக்கு 12 மணி வரை கொண்டுபோக அது வழிவிட்டது. தொழிலாளி விரும்பினால் மட்டுமே, வாரத்துக்கு 48 மணி மாறாது என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்தது. நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய நகரத்தில், சரியாக நூறு வருடம் கழித்து. அன்று நடந்த விவாதங்களில் என்னைத் தைத்தது 'விரும்பினால்' என்ற அந்த ஒரு சொல். ஒன்பதாவது மணி முடிவில் நிற்கிறவனின் விருப்பம் என்பது என்ன? 14ஆவது கிலோமீட்டரில் நிற்கிறவனின் விருப்பத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், அதுவும் வாடகை பாக்கியோ ஸ்கூல் பீஸோ கலக்காத, சுத்தமான விருப்பம். அதையே நான் நம்பத் தயாராக இல்லை.

ஒருவர் தூரத்தை இன்னொருவர் நீட்டுவதற்கு ஓட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006 மே 2 அன்று ஒரிஸாவில் புதியா சிங் என்ற நாலு வயதுப் பையன் புரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிஷத்தில் ஓடினான். சாலை நெடுகக் கூட்டம், கைதட்டல். அதன் பிறகு அரசு அவனுடைய நெடுந்தூர ஓட்டங்களுக்குத் தடை விதித்தது. பையன் ஆசைப்பட்டான், அவனுக்கு ஓடுவது பிடித்திருந்தது என்றார்கள். நான் அதைச் சந்தேகிக்கவில்லை. பிடித்திருந்தது என்பது எதற்கும் சான்று ஆகாது என்று மட்டும் சொல்கிறேன். நாலு வயதில் ஆசை இருக்கும். நிறுத்துவதற்கான அதிகாரம் இருக்காது. அந்த அதிகாரம் இல்லாதவனுடைய ஆசையைச் சுட்டிக்காட்டி அவன் தூரத்தை நீட்டுவதை என்னவென்று சொல்வது?

அந்த அதிகாரம் எனக்கு இருக்கிறது. லாரி டிரைவருக்கு இல்லை. துறைமுக வாசல் திறக்கும்வரை அவர் இரவு நீண்டுகொண்டே போகும். வடசென்னையின் இந்தக் கரையில் தானாக நிறுத்திக்கொள்ள முடிவது ஒரு வசதி. வெகு சிலருக்கே வாய்த்த வசதி. காலை ஐந்து மணிக்கு அவர்களைக் கடந்து, இன்னும் நான்கு கிலோமீட்டர் சேர்க்கலாமா என்று யோசித்தபடி ஓடுவதில் உள்ள ஆபாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக ஓடாமல் இருப்பது அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவாது என்பதும் தெரியும்.

நீட்டலின் விலையில் காற்றையும் சேர்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது மனிதன் நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்று இழுக்கிறான். ஓடும்போது அதைப் போலப் பத்து மடங்கு. மற்ற ஊரில் அரை மணி கூடுதலாக ஓடுவது அரை மணி கூடுதலாக ஓடுவதுதான். எண்ணூரில் அது, மணலியின் காற்றை அரை மணி கூடுதலாக, பத்து மடங்கு வேகத்தில் உள்ளே அனுப்புவது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே முகத்துவாரத்துக்குள் வந்தது. மீனவர்கள் பக்கெட்டை வைத்துக்கொண்டு அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் இறங்கி ஓடினார்கள். நான் ஞாயிறுதோறும் ஓடும் அதே பக்கம். அந்த ஓட்டத்துக்குத் தூரம் யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. கண் எரிவது நிற்கும்வரை போனார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு 28ஆ 32ஆ என்ற கேள்வி என்ன ஆகிறது? சிறியதாகிவிடவில்லை. எனக்கு அது இன்னும் கறாராகிவிட்டது. என் பட்டியலில் மிக நீளமான ஓட்டமே 32தான், அது வருவது போட்டிக்கு மூன்று வாரம் முன்பு. அதற்கு மேல் எதுவும் இல்லை. பெரும்பாலான பட்டியல்கள் இப்படித்தான். 42 ஓடப் போகிறவனை 42 ஓட விட்டுப் பார்ப்பதில்லை. முதலில் இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. பரீட்சைக்கு நாலில் மூன்று பங்கு பாடம் நடத்திவிட்டு அனுப்புகிற மாதிரி. மீதியையும் ஒருதரம் ஓடிப் பார்த்துவிட்டால் நிச்சயமாகத் தெரிந்துவிடுமே என்று தோன்றாதவன் இருக்க மாட்டான். ஆனால் அப்படி ஓடிப் பார்த்தவன் போட்டிக்கு முன்பே போட்டியைச் செலவு செய்துவிடுகிறான். தேறிவர அவனுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

போட்டிப் பாதை இந்தப் பக்கமே வருவதில்லை. சமீப வருடங்களில் நேப்பியர் பாலத்தில் தொடங்கித் தெற்கே போகிறது. அன்று 42.195 என்பதை நான் எழுதப்போவதில்லை, நீட்டவும் குறைக்கவும் என்னிடம் எதுவும் இருக்காது. முதல் 32 எனக்குத் தெரிந்த தூரம். மிச்சம் பத்துச் சொச்சம் கிலோமீட்டரை இதுவரை என் கால் தொட்டதில்லை. இப்போதைக்கு வரும் ஞாயிறுக்கு 28 என்று குறித்திருக்கிறேன். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.